அணிப் போக்கரில் கூட்டுக்களவு: ஆளைப் பிடிப்பதா, ஆட்டத்தை மாற்றுவதா?

தெஹிவளையிலிருந்து ஒரு கேள்வி, ஒக்டோபர் 8, 2025

பழைய மாணவர் அணிகளுக்கிடையில் போக்கர் போட்டி ஒன்று வைக்கப் பார்க்கிறோம். எட்டு அணி, அணிக்கு நாலு பேர், டெக்சஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து). காசு கிடையாது, கோப்பை மட்டும். ஒரே அணிக்காரர் இரண்டு பேர் ஒரு மேசையில் இருந்துவிட்டால் சேர்ந்து ஆடத்தான் செய்வார்கள், அதை யாராலும் பிடிக்க ஏலாது, ஆகவே அணிப் போக்கர் என்பதே பம்மாத்து என்று நண்பன் ஒருவன் அடித்துச் சொல்கிறான். நடத்திப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஒக்டோபர் 8, இரவு

நடத்திப் பார்த்திருக்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி மண்டபத்தில் வருடா வருடம் நடக்கும். நடுவர் வேலை என் தலையில்.

நண்பன் சொல்வதில் முதல் பாதி சரி. சேர்ந்து ஆடத்தான் செய்வார்கள். ஆட்கள் கெட்டவர்கள் என்று இல்லை, நீங்கள் போடும் புள்ளிக் கணக்கு அவர்களை அப்படி ஆட வைக்கும். இரண்டாம் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிடிப்பது கஷ்டம், ஓம். ஆனால் பிடிக்க வேண்டிய தேவையையே பெருமளவு குறைக்கலாம்.

அணியில் ஆக முன்னுக்கு வந்தவரின் புள்ளி மட்டும் சேரும் என்று வைத்தீர்களானால், மற்ற மூன்று பேரின் சிப்ஸும் (பந்தயம் கட்டும் வில்லைகள்) அவருக்குப் போய்ச் சேர வேண்டிய சிப்ஸ் ஆகிவிடும். ஒன்றுமில்லாத கையோடு ஓல்-இன் போய், அதாவது இருக்கிற சிப்ஸ் முழுவதையும் உள்ளே தள்ளி, தோற்று, கொடுத்துவிட்டு எழும்புவார்கள். சரி, நாலு பேரின் புள்ளியையும் கூட்டுவோம் என்று மாற்றினால் எதிர்ப்பக்கமாகப் போகும், ஒருவரை ஒருவர் வெளியேற்றவே மாட்டார்கள், நல்ல கை இருந்தும் தோழனிடம் மெதுவாக ஆடுவார்கள். அப்புறம் ஒருவரை வெளியேற்றினால் போனஸ் புள்ளி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதைத் தயவுசெய்து வைக்காதீர்கள். சிப்ஸ் முடியப்போகிறவன் கடைசிச் சிப்ஸை அணிக்காரனிடமே கொண்டுபோய்க் கொட்டுவான், போனஸ் வீட்டுக்குள்ளேயே நிற்கும்.

ஒக்டோபர் 9

உங்கள் எண்ணிக்கை நல்ல எண்ணிக்கை. 32 பேர், நாலு மேசை, மேசைக்கு எட்டுக் கதிரை. ஒவ்வொரு அணியிலிருந்தும் மேசைக்கு ஒருவர். தொடக்கத்தில் அணித் தோழர் இருவர் சந்திக்கும் பேச்சே இல்லை.

வழக்கமான போட்டி மாதிரி ஆட்கள் குறையக் குறைய மேசையை உடைத்தால்தான், அதாவது ஒரு மேசையை மூடி அங்கிருப்பவர்களை மற்ற மேசைகளுக்கு அனுப்பினால்தான் வில்லங்கம். 24 பேர் மிஞ்சும்போது மூன்று மேசை. நாலு பேரும் தப்பிய அணி ஒன்று இருந்தால், யார் எப்படிக் குலுக்கினாலும் அதில் இரண்டு பேர் ஒரே மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். பெரிய தனியாள் போட்டிகளில் கதிரைச் சீட்டைக் குலுக்கிவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள், புருஷனும் பெண்சாதியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் வந்தாலும் வந்ததுதான். அணிப் போட்டியில் அந்த மெத்தனம் சரிவராது.

நான் இப்போது செய்வது: மேசையை உடைப்பதே இல்லை. நாலு மேசையும் தனித்தனியாகவே ஆடி முடிக்கும். முதல் இடத்துக்கு 8 புள்ளி, கடைசிக்கு 1. நாலு பேரின் புள்ளியையும் கூட்டினால் அணியின் புள்ளி. தோழனைக் காப்பாற்ற அந்த மேசையில் தோழனே இல்லை. வேண்டுமானால் கதிரைகளை மாற்றி இன்னொரு சுற்று ஆடுங்கள், மேசைக்கு அணிக்கு ஒருவர் என்பதை மட்டும் குலைக்காதீர்கள்.

ஒக்டோபர் 9, கொஞ்சம் பிந்தி

"காசு இல்லாத ஆட்டத்தில் யார் களவு செய்யப் போகிறார்கள்" என்று கேட்டவருக்கு: நீங்கள் எங்கள் பழைய மாணவர்களைப் பார்த்ததில்லை. காசென்றால் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். கோப்பை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது என்பதை அடுத்த பிக் மட்ச் (பள்ளிக்கூடங்களின் வருடாந்தக் கிரிக்கெட்) வரை கதைப்பார்கள்.

காசு வைக்காததற்கு வேறு காரணமும் உண்டு. 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் தொட்டே காசு வைத்து ஆடுவது இந்த நாட்டில் சட்டச் சிக்கலான விஷயம். மண்டபத்துக்குப் பொலிஸ் வந்தால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு ஆசை இல்லை.

ஒக்டோபர் 11

கூட்டுக்களவு என்றால் சைகை காட்டுவது, மேசைக்குக் கீழே சீட்டு மாற்றுவது என்று நினைக்கிறார்கள். நான் கண்டதில் பெரும்பகுதி வெறும் இரக்கம்.

மேசை உடைத்து ஆடிய காலத்தில் நடந்த ஒன்று. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்குமுன் இரண்டு பேர் கட்டாயமாகப் போடுவது, 200, 400. அந்த இருவருக்கும் முந்திய பட்டன் கதிரையில் இருந்த பெடியனிடம் மிஞ்சியது 500 சிப்ஸ், அதையும் உள்ளே தள்ளிவிட்டான். ஸ்மோல் பிளைண்ட், 200 போட்டவர், சீட்டை விட்டு ஃபோல்ட். பிக் பிளைண்டில் அவனுடைய அணியைச் சேர்ந்த அண்ணை ஒருவர், ஏற்கெனவே 400 போட்டவர். இன்னும் 100 போட்டால் ஆட்டத்தைப் பார்க்கலாம். நடுவில் கிடக்கிறது 1,100. அண்ணை சீட்டின் முனையை லேசாகத் தூக்கிப் பார்த்தார், பெடியனைப் பார்த்தார், "தம்பியிட்ட பெரிய கை போல கிடக்கு" என்று சொல்லிச் சீட்டைக் குவியலுக்குள் வீசினார். எதிரே கணக்காளர் ஒருவர் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தார். பாதி ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு, "நூறு போட்டு ஆயிரத்து நூறா?" என்றார். அவ்வளவுதான், மேசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

கணக்கு இதுதான். 100 போட்டால் மொத்தம் 1,200. நூற்றுக்கு எட்டுத் தடவைக்குக் கொஞ்சம் மேலே வென்றாலே நட்டம் இல்லை. போக்கரில் ஆக மட்டமான கை என்று எல்லாரும் சிரிக்கும் ஏழு-இரண்டு, வேறு வேறு நிறத்தில் இருந்தாலும், ஏஸ் ஜோடியை எதிர்த்து நூற்றுக்குப் பதினொன்று பன்னிரண்டு தடவை வெல்லும். ஆகவே அந்த இடத்தில் ஃபோல்ட் செய்ய உலகத்தில் ஒரு கையும் இல்லை. அண்ணையின் மனசுக்குள் என்ன இருந்தது என்று நான் ஆராயத் தேவையில்லை, அவர் வீசிய சீட்டு எது என்று பார்க்கவும் தேவையில்லை, அந்த 100 போதும். ஒரு சுற்று வெளியே இருக்கச் சொன்னேன். "என்ர சீட்டு, என்ர விருப்பம்" என்று வாதாடினார். விருப்பம்தான், ஆனால் அந்த மேசையில் இருந்த மற்ற ஆறு பேருக்கும் அந்தப் பெடியன் வெளியேறுவதில் ஒரு இடம் முன்னேறும் உரிமை இருந்தது, அதை இவர் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஒக்டோபர் 12

பம்பலப்பிட்டிக்காரர் நேற்றையதற்குப் போட்ட எதிர்க்கேள்வி நல்லது: ஒருவன் ஓல்-இன், அவனுக்கு எதிராக இன்னும் இரண்டு பேர் ஆட்டத்தில், இருவரும் பந்தயம் ஒன்றும் போடாமல் கடைசி வரை செக் செக் என்று தட்டிக்கொண்டே போகிறார்கள். அதுவும் சேர்ந்து ஆடுவதுதானே?

இல்லை. அல்லது, பேசாமல் செய்தால் இல்லை. இரண்டு பேர் பார்த்தால் ஓல்-இன் ஆளை வீழ்த்தும் வாய்ப்புக் கூட, அது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம், இருவரும் தனித்தனியே தங்கள் நன்மைக்குச் செய்வது. ஆனால் ஒருவர் வாயைத் திறந்து "செக் பண்ணிக்கொண்டு போவமா" என்று கேட்டாரோ, அது தண்டனைக்குரியது. செயல் ஒன்றே, சொன்னதால்தான் குற்றம். எல்லா ஒத்துழைப்பையும் களவென்று விதி எழுதினால் போக்கரே மிஞ்சாது.

ஒக்டோபர் 12, இரவு

பேச்சு என்று வந்ததால் மொழி. வெளிநாட்டுப் போட்டிகளில் கை ஓடும்போது மேசையில் இன்ன மொழிதான் என்று விதி இருக்கும், லாஸ் வேகாஸில் ஆங்கிலம். கொழும்பில் இதை எழுதுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. எங்கள் போட்டியில் சிங்கள நண்பர்கள் அணியும் ஆடுகிறது. இரண்டு தமிழர் ஒரு கை நடுவில் தமிழில் ஏதாவது முணுமுணுத்தால், கொத்துரொட்டிக்குச் சொல்லியாச்சா என்று கேட்டிருந்தாலும், மற்றவர் முகம் மாறும். மாறி நடந்தால் எங்கள் முகமும் அப்படித்தான் மாறும். "இன்ன மொழி கூடாது" என்று இந்த ஊரில் ஒரு பலகையில் எழுதி மாட்ட நான் ஆள் இல்லை.

ஆகவே கையில் சீட்டு இருக்கும்வரை ரெய்ஸ் (பந்தயத்தைக் கூட்டுவது), கோல் (ஈடாகப் போடுவது), ஃபோல்ட், செக், ஓல்-இன், எவ்வளவு என்ற எண். வேறு ஒன்றும் எந்த மொழியிலும் இல்லை. கை முடிந்ததும் எந்த மொழியிலும் ஏசலாம். போன முறை ஒருவர் தன் தோழனைப் பார்த்து "விடு மச்சான்" என்றார், எதிரே இருந்த சிங்களப் பெடியன் உடனே கை தூக்கினான். மச்சான் என்றால் இந்தத் தீவில் எவனுக்கு விளங்காது.

ஒக்டோபர் 14

அடுத்தது நடுவில் மாட்டுவது. மேசை உடைத்து ஆடுகிறவர்களுக்கு மட்டும் இது.

ஒருவர் 1,200க்கு ரெய்ஸ் செய்கிறார். நீங்கள் கோல். உங்களுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய தோழர் 4,000 ஆக்குகிறார். முதலாமவர் 9,000. உங்களிடம் நடுத்தரமான கை, விட்டுவிடுகிறீர்கள். நீங்கள் விட்ட மறு நிமிடம் தோழரும் விட்டுவிடுகிறார். யாருடைய சீட்டும் வெளியே வராது. உங்கள் 1,200 போயிற்று. ஒரு தடவை என்றால் போக்கர். ஒரு மாலைக்குள் மூன்று தடவை என்றால் எனக்குத் தெரிய வேண்டும்.

பழைய கசினோ அறைகளில், கடைசி வரை வந்த கைகளைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்ற விதி இருந்தது, இப்போதும் சில இடங்களில் இருக்கிறது. அது வந்ததே கூட்டுக்களவைப் பிடிக்கத்தான். ஆனால் ஆட்கள் அதை எதிரியின் ஆட்டத்தைப் படிக்கவும் ஆளைக் கடுப்பேற்றவும் பாவித்ததால் போட்டி விதிகளில் வெகுவாகச் சுருக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் போட்டிகளில் வேறொன்று நிலைத்தது: ஒருவர் ஓல்-இன், கோலும் விழுந்தாயிற்று, இனிப் பந்தயம் இல்லை என்றால், இரண்டு பேரின் சீட்டும் உடனே மேலே திரும்ப வேண்டும். தொலைக்காட்சிக்காக வந்த சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. குப்பைக் கையோடு போய்ச் சிப்ஸைத் தானம் செய்கிறவனை மேசை முழுக்கப் பார்க்க வைப்பதுதான் அதன் பெரிய பயன். 2001இல் தொடங்கிய போட்டி நடுவர் சங்கத்தின் விதித் தொகுப்பிலும் இது இருக்கிறது, வீட்டு ஆட்டத்துக்கும் அப்படியே எடுக்கலாம்.

ஓல்-இன் வரை போகாத கைக்கு எங்கள் வழி: ஃபோல்ட் செய்த சீட்டைக் குவியலில் எறியக் கூடாது, கை முடியும்வரை அவரவர் முன்னால் கவிழ்ந்து கிடக்கட்டும். சந்தேகம் என்றால் நடுவர் மட்டும் போய் இரண்டு தோழர்களின் சீட்டையும் தூக்கிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைப்பார், கொப்பியில் எழுதிக்கொள்வார். ஆட்டம் கொஞ்சம் மெதுவாகும். ஆனால் நடுவர் பார்த்துவிட்டார் என்ற நினைப்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒக்டோபர் 14, மறந்துபோனது

டீலருக்கு ஆள் இல்லாமல் ஆட்டக்காரரே சீட்டுக் கலைப்பதென்றால், ஒருவர் கலைக்க வேறு அணிக்காரர் வெட்டட்டும்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தை ஒருவர் இழுத்துவிட்டார், இழுத்தது நல்லதுதான். எங்கள் ஆட்களுக்குச் சீட்டுப் பழக்கமே அதிலிருந்துதான். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, நாலு நிறத்துக்கும் கூட்டினால் 304. எதிரே இருப்பவர் உங்கள் ஜோடி. அந்த ஆட்டத்தின் உயிரே எதிரே இருப்பவரிடம் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதுதான். ஊகிப்பது எங்கே முடிகிறது, சொல்லிக்கொடுப்பது எங்கே தொடங்குகிறது என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் யாரும் கோடு போட்டதில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமினால் ஜாக் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிடிபட்டால் பகிடி, பிடிபடாவிட்டால் கெட்டித்தனம். அந்தக் கையோடு போக்கர் மேசைக்கு வருகிறவரிடம் திடீரென்று "உன் தோழன் இப்போது உனக்கு யாரோ" என்றால் எப்படி ஏறும்?

பெரியப்பாவைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம். 2013இல் பாலித் தீவில் நடந்த உலக பிரிட்ஜ் போட்டியில், மூத்தோர் பிரிவில், ஜெர்மன் ஜோடி ஒன்று இதையேதான் செய்தது. இருமல் கணக்கு. இரண்டு பேரும் தொழிலால் மருத்துவர்கள் என்பது இன்னும் விசேஷம்.

பிரிட்ஜ்காரர்களிடம் கற்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் ஜோடியை எதிர் எதிரே உட்கார வைத்தே ஆட வேண்டியவர்கள், எங்களைப் போல வேறு மேசைக்கு அனுப்ப முடியாது. 1975இல் பெர்முடா போல் உலகப் போட்டியில் மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள், ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி. அதே போட்டியில் இத்தாலிய ஜோடி ஒன்று மேசைக்குக் கீழே காலால் தட்டிப் பேசியது வெளிவந்தது. அப்புறம் மேசைக்குக் கீழேயும் தடுப்பு. நாற்பது வருடம் கழித்து, 2015இல், ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் என்ற இஸ்ரேலிய ஜோடி, திரையெல்லாம் இருக்கும்போதே, சீட்டுகள் வைத்து வரும் பலகையைத் தட்டில் எந்த இடத்தில் வைப்பது என்பதை வைத்துச் செய்தி அனுப்பியது. பிடித்தது திரையும் இல்லை நடுவரும் இல்லை. நோர்வே ஆட்டக்காரர் பொயே புரொகெலாண்ட் முதல் ஆளாகச் சத்தம் போட்டார், காணொளிகளைப் போட்டு எல்லாரும் மணிக்கணக்கில் பார்த்து ஒழுங்கைக் கண்டுபிடித்தார்கள். புரொகெலாண்ட் அதற்கு முன் அவர்களோடு ஒரே அணியில் ஆடி வென்றவர், அந்தப் பட்டங்களையும் விட்டுக்கொடுத்தார். அவ்வளவு நெஞ்சுரம் எங்கள் மண்டபத்தில் யாரிடமும் நான் எதிர்பார்க்கவில்லை.

ஒக்டோபர் 21

"மேசைக்குக் குறுக்கே திரை கட்டினால் என்ன?" போக்கருக்கா? எட்டுப் பேருக்கும் எட்டுத் திரை என்றால் பிரசவ வார்டு போல இருக்கும்.

ஒக்டோபர் 25

மட்ச் போக்கர் பற்றிக் கேட்டிருந்தார்கள். சிப்ஸை இடம் மாற்றிக் கொடுக்கும் களவை முற்றாக அடைத்த ஒரே வடிவம் நான் அறிய அதுதான். எல்லா மேசைக்கும் ஒரே சீட்டு. முதல் மேசையில் மூன்றாம் கதிரைக்கு வந்த இரண்டு சீட்டும் மற்ற மேசைகளின் மூன்றாம் கதிரைக்கும் வரும், நடுவில் திறக்கும் ஐந்தும் ஒன்றே. ஒவ்வொரு கை முடிந்ததும் சிப்ஸ் பழையபடி சமம். உங்கள் எதிரி உங்கள் மேசையில் இருப்பவரைவிட, வேறு மேசைகளில் அதே கதிரையில் அதே சீட்டோடு இருப்பவர்தான். அவரைவிடக் கூட எடுத்தீர்களா, அதற்குத்தான் புள்ளி. சீட்டு நல்லா வரவில்லை என்று புலம்ப வழியே இல்லை. 2011இல் லண்டனில் நாடுகளுக்கிடையே இப்படி ஒரு போட்டி நடந்தது, சர்வதேச சம்மேளனமும் இருக்கிறது.

சாதாரண சீட்டுக் கட்டை வைத்து இதைச் செய்யலாமா என்று ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தோம். எட்டுக் கதிரைக்கு 16 சீட்டு, நடுவுக்கு 5, ஆக ஒரு கைக்கு 21. நாலு மேசைக்கு நாலு கட்டு வேண்டும். அடுத்த கையில் அதே சீட்டுகள் வேறு இடத்தில் வரலாம் என்பதால் அந்தக் கட்டையே திரும்பப் பாவிக்க முடியாது. இருபது கைக்கு எண்பது கட்டு. புறக்கோட்டையில் மொத்த விலைக்கு வாங்கினாலும் அடுக்குவது யார்? அடுக்குகிறவனுக்கு எல்லாக் கையும் முன்கூட்டியே தெரியுமே, அவன் எந்தப் பள்ளிக்கூடம்? கைபேசியில் சீட்டுப் போடும் முறை இருந்தால் ஆடுங்கள், இல்லாவிட்டால் ஆசையை விட்டுவிடுங்கள்.

கைபேசி இருந்தாலும் இன்னொரு ஓட்டை. ஒரே சீட்டு என்பதால், ஒரு மேசை பத்தாவது கையை முந்தி முடித்துவிட்டால் அந்த மேசைக்காரன் சலம் போகிற வழியில் தன் தோழனிடம் சொல்லக்கூடியது தங்கம். எல்லா மேசையும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்க வேண்டும், முடித்தவன் கதிரையைவிட்டு எழும்பக் கூடாது.

நவம்பர் 1

கதிரையைவிட்டு எழும்புவது என்றதும் 9ஆம் திகதி நான் சொன்ன தனித்தனி மேசை முறைக்கு வருகிறேன், அதற்கும் இதே நோய் உண்டு, கொட்டாஞ்சேனைக்காரர் சரியாகக் கேட்டிருந்தார். எட்டாம் இடத்தில் வெளியேறியவன் வீட்டுக்குப் போக மாட்டான். பிளேன்ரீ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு தோழனின் மேசைக்கு வருவான், ஆனால் தோழனின் முதுகுக்குப் பின்னால் நிற்க மாட்டான், எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நிற்பான். எதிராளி சீட்டைத் தூக்கும் கோணம் அங்கிருந்துதான் தெரியும்.

இது என் கற்பனைப் பயம் இல்லை. 2010இல் கான் நகரில் நடந்த பார்டூஷ் போக்கர் போட்டியில், இறுதி மேசைக்குத் தேறிய ஒருவரைத் தகுதி நீக்கினார்கள். செய்தியாளர் வேடத்தில் ஆட்கள் மேசையைச் சுற்றி நின்று எதிரிகளின் சீட்டைப் பார்த்து அவருக்குச் சைகை கொடுத்தார்கள் என்று.

எங்கள் மண்டபத்தில் இப்போது தரையில் நிற ஒட்டுநாடா. வெளியேறியவர் அதைத் தாண்டக் கூடாது, சாப்பாட்டு மேசை அந்தப் பக்கம். தெரிந்தே அப்படி வைத்தேன். கொத்து வாசத்தை விட்டு ஆட்கள் அவ்வளவு சுலபமாக வர மாட்டார்கள். ஆடுகிறவர்களின் கைபேசி ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள், இடைவேளைக்கு மட்டும் எடுக்கலாம். மனைவி அழைத்தால் நான் எடுப்பேன் என்று ஒருவரிடம் வாக்குக் கொடுத்து, எடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

நவம்பர் 5, போயா லீவு

அணித் தோழரைப் பிரித்தாயிற்று, பார்வையாளரைத் தள்ளியாயிற்று. மிச்சம் இருப்பது அணிக்கும் அணிக்கும் இடையிலான கூட்டு. இது ஆகக் கஷ்டம்.

நாலு மேசையில் மூன்று முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவதில் மூன்று பேர். அதில் ஒருவர் இரண்டாம் இடம் வந்தாலே அவருடைய அணிக்குக் கோப்பை, இன்னொருவருக்கு இனி எந்த இடம் வந்தாலும் ஒன்றுதான், மூன்றாமவர் வென்றே ஆக வேண்டும். அந்த நடுவிலிருப்பவர் யாருக்குச் சிப்ஸ் கொடுப்பார்? மச்சானுக்குத்தான். சொல்லிவைக்கவே தேவையில்லை.

1982 உலகக் கிண்ணத்தில் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஒஸ்திரியாவும் ஆடியது இப்படித்தான். அல்ஜீரியா தன் ஆட்டத்தை முந்தின நாளே முடித்துவிட்டது. 1-0 என்றால் இரண்டு ஐரோப்பிய அணிகளும் உள்ளே, அல்ஜீரியா வெளியே என்று இருவருக்கும் தெரியும். ஜெர்மனி சீக்கிரமே ஒரு கோல் போட்டது, அப்புறம் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிஃபா யாரையும் தண்டிக்கவில்லை. 1986இலிருந்து குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பட்மின்டனில் சீனா, தென்கொரியா, இந்தோனேசியாவின் நாலு ஜோடிகள் வேண்டுமென்றே தோற்கப் பார்த்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், ஆட்டத்தைத் தோற்றால் அடுத்த சுற்றில் சுலபமான எதிரி கிடைக்கும்படி அட்டவணையைப் போட்டவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

போக்கரிலும் 2025 ஜூனில் வேகாஸில் ஒன்று. போக்கர் உலகத் தொடரின் மில்லியனர் மேக்கர் ஆட்டம், முதல் பரிசு 12 லட்சம் டொலருக்கு மேல். கடைசியில் இரண்டு பேர். அதில் ஒருவருக்கு மட்டும், வென்றால் வேறொரு நிறுவனம் தனியாகப் பத்து லட்சம் டொலர் போனஸ் கொடுக்கும். பின்தங்கியிருந்த அவர் ஏறி ஏறி வந்து வென்றார், எதிராளி விட்ட கைகளைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். விசாரணை முடிவில் உலகத் தொடர் யாருக்கும் வெற்றிச் சின்னமான பிரேஸ்லெட்டைக் கொடுக்கவில்லை, மிச்சப் பரிசை இருவருக்கும் சமமாகப் பிரித்தது. மேசைக்கு வெளியே ஒருவன் ஒரு பக்கத்துக்கு மட்டும் பத்து லட்சத்தை வைத்துவிட்டுப் போனால் மேசைக்கு உள்ளே எந்த விதியும் எடுபடாது. எங்கள் ஊர் அளவில்: உங்கள் அணி வென்றால் எல்லாருக்கும் சாப்பாடு என்று எந்தக் கனடா அண்ணையாவது அறிவித்தால் அதைப் போட்டிக்கு முன்பே தெரியப்படுத்தச் சொல்லுங்கள்.

நாங்கள் செய்வது, எல்லா மேசைக்கும் ஒரே மணி. அந்த நேரம் வந்ததும் நாலும் நிற்கும், மிஞ்சியவர்களைச் சிப்ஸ் எண்ணி வரிசைப்படுத்துவோம். மற்ற மேசைகளின் புள்ளிப் பலகையைக் கடைசி ஒரு மணித்தியாலம் துணியால் மூடிவிடுவோம். முழுதாக அடைக்காது. எட்டிப் பார்க்கிறவன் எட்டிப் பார்ப்பான்.

நவம்பர் 8

தெஹிவளை நண்பர் விதி வரைவை அனுப்பியிருக்கிறார். நல்ல வரைவு. மூன்று இடத்தில் கை வைக்கிறேன்.

தண்டனை: "கூட்டுக்களவு நிரூபிக்கப்பட்டால் அணி வெளியேற்றம்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒருநாளும் தண்டிக்க மாட்டீர்கள். எப்படி நிரூபிப்பது? நிரூபித்தாலும் யார் சொல்வது? உங்கள் 32 பேரும் அடுத்த மாதம் ஏதோ ஒரு கலியாண வீட்டில் ஒரே பந்தியில் இருப்பார்கள், அதில் பாதி உங்கள் சொந்தம். கள்ளன் என்று ஒருவரைச் சொல்லிவிட்டு இந்த ஊரில் நடுவராக இருக்க ஏலாது. பிரிட்ஜ் விதியில் இதற்கு ஒரு நாகரிகமான வழி உண்டு: ஜோடி ஒன்றுக்குத் தெரியக்கூடாத தகவல் தெரிந்து அதனால் ஆட்டம் மாறியிருக்கலாம் என்று நடுவர் கருதினால், குற்றம் சாட்டாமலேயே புள்ளியைத் திருத்தலாம். அதை எடுத்துக்கொள்ளுங்கள். "நடுவர் எந்தக் கையின் விளைவையும் காரணம் சொல்லாமல் திருத்தலாம், திருத்தம் யாருடைய நேர்மை பற்றிய தீர்ப்பும் இல்லை" என்று ஒரு வரி. அந்த 100 சிப்ஸ் அண்ணை இன்றைக்கு வந்திருந்தால் நான் அவரை வெளியே இருக்கச் சொல்ல மாட்டேன், அந்த இடத்திலேயே 100ஐ உள்ளே போட வைத்து ஆட்டத்தைத் தொடரச் செய்வேன், சீட்டுத்தான் முன்னால் கவிழ்ந்து கிடக்குமே. யாருக்கும் முகம் கறுக்காது.

இரண்டாவது, நடுவர் ஆடக் கூடாது. உங்கள் வரைவில் நடுவர் ஐந்தாம் அணியிலும் இருக்கிறார்.

மூன்றாவது, அணித் தலைவர்கள் போட்டிக்கு முன் மேடையில் உறுதிமொழி எடுப்பது என்று ஒரு பந்தி. அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் நாலு மேசையும் நிற்கும் மணியைப் போடுங்கள். இரவு ஒன்பதரை என்று போட்டால் கொத்தும் ஆறாது.